விளம்பரம் எந்த வாசல் வழியா வருது?



பிரவுசர்ல ஆட் பிளாக்கர் போடுறது ரெண்டு நிமிஷ வேலை. அதனால நம்ம கிளாஸ்ல பாதிப் பேர் லேப்டாப்ல அது ஏற்கெனவே இருக்கு. ஆனா "பிளாக்கர் போட்டும் விளம்பரம் வருது", "பிளாக்கர் போட்டதுலேர்ந்து ஃபீஸ் கட்டுற பக்கம் திறக்க மாட்டேங்குது" இந்த ரெண்டு புலம்பலும் லேப்ல கேட்காத வாரமே கிடையாது. அப்போ பெரும்பாலானவங்க என்ன செய்றாங்க? இன்னொரு பிளாக்கரையும் சேர்த்துப் போடுவாங்க. இல்லன்னா இருக்கறதையும் தூக்கிடுவாங்க. ரெண்டுமே தீர்வு இல்ல.

நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க. ஒரு சர்க்யூட் வேலை செய்யலைன்னா உடனே எல்லா காம்பொனன்ட்டையும் மாத்த மாட்டோம். எந்த இடத்துல சிக்னல் நிக்குதுன்னு மல்டிமீட்டர் வெச்சுப் பார்ப்போம். இங்கேயும் அதே முறைதான். கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: இந்த விளம்பரம் எந்த வாசல் வழியா வருது?

மொத்தம் மூணு வாசல்தான் இருக்கு.

1. நீங்க திறக்கிற வெப்சைட்.
2. அந்த வெப்சைட்டுக்கும் உங்களுக்கும் நடுவுல இருக்கிற நெட்வொர்க்.
3. உங்க மெஷினே.

பிளாக்கர் காவல் நிக்கிறது முதல் வாசல்ல. மத்த ரெண்டு வாசல் வழியா வர்றதை அது தடுக்கலைன்னா, அது அதோட தப்பு இல்ல. இதை மட்டும் புரிஞ்சுக்கிட்டா பாதி பிரச்சனையை யார்கிட்டயும் கேட்காம நீங்களே தீர்த்துடலாம்.

இதுக்கு எதுக்கு இவ்ளோ சீரியஸ்?

நமக்கு விளம்பரம்னா வீடியோவுக்கு முன்னாடி வர்ற 15 செகண்ட் எரிச்சல், தினமும் கிடைக்கிற ஒன்றரை ஜிபி டேட்டால கொஞ்சம் நஷ்டம். நம்ம வீட்ல இருக்கறவங்களுக்கு அது அவ்ளோ சின்ன விஷயம் இல்ல.

நான் இருக்கறது காலடிப்பேட்டை. எங்க டி.எச். ரோட்டுப் பக்கம் பிரவுசிங் சென்டருக்கு இன்னும் கூட்டம் வருது. சாதிச் சான்றிதழ் அப்ளை பண்ண, ஈ.பி. பில் கட்ட, வேலைக்கு அப்ளிகேஷன் போட, ரிசல்ட் பிரின்ட் எடுக்க. எண்ணூர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுற ஒரு அண்ணனை நினைச்சுக்கோங்க. ஃபாஸ்டேக்ல காசு ஏறலைன்னு கஸ்டமர் கேர் நம்பரை போன்ல தேடுறார். தேடல் முடிவுல மேலே வர்றது பல நேரம் விளம்பரம். 'ஸ்பான்சர்ட்'னு சின்னதா எழுதியிருக்கும், அவர் கண்ணுல அது படாது. அந்த இடத்தைக் காசு கொடுத்து வாங்கினவன் மோசடிக்காரனா இருந்தா, அவன்கிட்டதான் அவர் ஓடிபி சொல்லப் போறார்.

இது மிகைப்படுத்திச் சொல்றது இல்ல. 2022 டிசம்பர்ல அமெரிக்காவோட எஃப்.பி.ஐ. பொதுமக்களுக்கு ஒரு எச்சரிக்கை வெளியிட்டாங்க. தேடல் முடிவுகள்ல பிரபல கம்பெனிகள் பேர்ல மோசடி விளம்பரங்கள் வருது, அதனால தேடும்போது ஆட் பிளாக்கிங் எக்ஸ்டென்ஷன் போட்டுக்கோங்கன்னு அதுலயே ஒரு ஆலோசனை இருந்தது. போலீஸ் வேலை பார்க்கிற ஒரு அமைப்பே இதைச் சொல்ற அளவுக்கு நிலைமை வந்துடுச்சு.

பிளாக்கர்ங்கிறது ஒரு லிஸ்ட்

2002ல டென்மார்க்ல ஹென்ரிக் ஆஸ்டெட் சோரன்சன்னு ஒரு காலேஜ் ஸ்டூடன்ட், படிக்க வேண்டிய நேரத்துல படிப்பைத் தள்ளிப்போட்டு எழுதின ப்ராஜெக்ட்தான் முதல் 'ஆட்பிளாக்'. எக்ஸாமுக்கு முந்தின நாள் ரூமைச் சுத்தம் பண்ற நமக்கு இது ரொம்ப ஆறுதலான செய்தி! பிறகு 2005 வாக்குல ரிக் பெட்னல்ங்கிறவர் பராமரிச்ச 'ஈஸிலிஸ்ட்' பிரபலமாச்சு. இன்னிக்கும் பெரும்பாலான பிளாக்கர்களுக்கு அடிப்படை அந்த லிஸ்ட்தான்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு துறைமுகத்தை வெச்சே புரிஞ்சுக்கலாம். நீங்க ஒரு நியூஸ் பக்கத்தைத் திறந்தா, பிரவுசர் ஒரே ஒரு ஃபைலை மட்டும் எடுத்துட்டு வராது. அந்தப் பக்கத்துக்குள்ள இருக்கிற ஸ்கிரிப்ட்டுகள் இன்னும் பல சர்வர்கள்கிட்ட படம், வீடியோ, டிராக்கர்னு கேட்டுக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் ஒரு லாரி மாதிரி. பிளாக்கர் கேட்ல நிக்கிற செக்யூரிட்டி. கையில ஒரு லிஸ்ட். லாரி போற முகவரி லிஸ்ட்ல இருந்தா, "வண்டியைத் திருப்பு". லிஸ்ட்ல இல்லன்னா வழி விட்டுடும்.

லிஸ்ட்ல இருக்கிற விதிகள் பார்க்க விநோதமா இருக்கும். ஆனா மூணு வகை தெரிஞ்சா போதும்.

• ||விளம்பரதளம்.காம்^ : இந்த டொமைனுக்குப் போற ரிக்வெஸ்ட்டைத் தடு.
• @@||விளம்பரதளம்.காம்^ : இதுக்கு மட்டும் விதிவிலக்கு, போக விடு.
• நியூஸ்தளம்.காம்##.விளம்பரப்பெட்டி : ரிக்வெஸ்ட்டைத் தடுக்காதே, பக்கத்துல தெரியற இந்தப் பெட்டியை மட்டும் மறை.

முதல் வகை நெட்வொர்க் விதி. மூணாவது வகை காஸ்மெடிக் விதி. விளம்பரம் போன இடத்துல வெள்ளையா ஒரு ஓட்டை தெரியாம இருக்கறதுக்குக் காரணம் அந்த மூணாவது வகை.

இதுலேர்ந்து ஒரு முக்கியமான விஷயம் வருது. லிஸ்ட்ல இல்லாத விளம்பரத்தை பிளாக்கரால கண்டுபிடிக்க முடியாது. லிஸ்ட்ல தவறா சேர்ந்த நல்ல முகவரியையும் அது கண்ணை மூடிக்கிட்டுத் தடுக்கும். அதனால "பிளாக்கர் வேலை செய்யல"ன்னு யாராவது சொன்னா, பெரும்பாலும் அதுக்கு அர்த்தம் "லிஸ்ட் சரியில்ல".

எதைப் போடுறது?

எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் பண்ணும்போது, 'எல்லா வெப்சைட்டுகள்லயும் உங்க டேட்டாவைப் படிக்கவும் மாத்தவும்' அனுமதி கேட்கும். யோசிச்சுப் பாருங்க. உங்க பேங்க் பக்கமும் அதுல அடக்கம். கேட்ல செக்யூரிட்டி வெக்கிறோம்னா அவர் யார்னு விசாரிக்காம வெக்க மாட்டோம் இல்லையா?

2018 ஏப்ரல்ல ஆட்கார்ட் நிறுவனம், குரோம் ஸ்டோர்ல இருந்த போலி பிளாக்கர்களைப் பத்தி ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. அதையெல்லாம் போட்டிருந்தவங்க மொத்தம் 2 கோடிக்கும் மேல. அதுல ஒண்ணோட பேர் 'யூபிளாக் பிளஸ்'. நல்ல பேர் எடுத்த ஒரு பிளாக்கரோட பேர்ல வாலை மட்டும் மாத்திக்கிட்டது. 2020ல இன்னொரு விதமா நடந்தது. 'நானோ ஆட்பிளாக்கர்' நல்ல எக்ஸ்டென்ஷன்தான். அதை எழுதினவர் வேற ஆட்கள்கிட்ட கை மாத்தினார். அடுத்த அப்டேட்லயே அது பயனாளர்களோட தகவலை வெளியே அனுப்ப ஆரம்பிச்சுது.

எங்க ஊர் பேர்கூட மாறின பேர்தான். 1717லேர்ந்து 1720 வரைக்கும் மெட்ராஸ் கவர்னரா இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக உருவாக்கின பேட்டை, ஜனங்க வாயில 'காலடிப்பேட்டை' ஆயிடுச்சு. ஊர் பேர்ல எழுத்து மாறினா ஊர் மாறிடாது. சாஃப்ட்வேர் பேர்ல ஒரு சொல் மாறினா ஆளே வேற.

அதனால என் சிபாரிசு 'யூபிளாக் ஆரிஜின்'. பேரை முழுசா பாருங்க, 'ஆரிஜின்' இருக்கணும். எழுதினவர் ரேமண்ட் ஹில். ஸ்டோர் பக்கத்துல டெவலப்பர் பேர் அதுதானான்னு சரி பாருங்க. சோர்ஸ் கோட் திறந்தே இருக்கு. அவர் டொனேஷன்கூட வாங்கறதில்ல, லிஸ்ட் பராமரிக்கிறவங்களுக்குக் கொடுங்கன்னு சொல்லிடறார். அதனால பிரீமியம் வாங்குங்க, லைசென்ஸ் வாங்குங்கன்னு யாராவது காசு கேட்டா, அது அவர் இல்ல.

எந்த பிரவுசர்ல?

இங்க ஒரு வார்த்தை அடிக்கடி காதுல விழும்: மேனிஃபெஸ்ட் 3. நம்ம ஏரியா ஆளுங்களுக்கு மேனிஃபெஸ்ட் புது வார்த்தை இல்ல. கப்பல்ல என்னென்ன சரக்கு இருக்குன்னு கொடுக்கிற பட்டியல்தானே? எக்ஸ்டென்ஷன்லயும் அதேதான். தனக்கு என்னென்ன அனுமதி வேணும்னு அது பிரவுசர்கிட்ட கொடுக்கிற பட்டியல்.

பழைய முறையில, அதாவது மேனிஃபெஸ்ட் 2ல, ஒவ்வொரு லாரியையும் செக்யூரிட்டியே நிறுத்திப் பார்த்து முடிவு எடுப்பார். மேனிஃபெஸ்ட் 3ல செக்யூரிட்டி தன் லிஸ்ட்டை முன்கூட்டியே துறைமுக ஆபீஸ்ல கொடுத்துடணும். லாரியைப் பார்த்து முடிவு எடுக்கிறது ஆபீஸ். லிஸ்ட்ல எத்தனை வரி இருக்கலாம், எந்த மாதிரி விதி இருக்கலாம்னும் ஆபீஸ்தான் சொல்லும். பாதுகாப்புக்காகவும் வேகத்துக்காகவும் இப்படி மாத்தினோம்னு கூகுள் சொல்லுது. பிளாக்கரோட கை கட்டப்பட்டதும் உண்மை. குரோம் 2024ல பழைய முறையை நிறுத்த ஆரம்பிச்சு, 2025ல முழுசா முடிச்சுடுச்சு. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தது, திடீர்னு பிளாக்கரைக் காணோம்"னு நிறைய பேர் சொன்னதுக்குக் காரணம் இதுதான்.

ஆக, இப்போ இருக்கிற வழிகள்:

• ஃபயர்ஃபாக்ஸ்: முழு யூபிளாக் ஆரிஜின் ஓடும். ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ்லயும் ஓடும்.
• குரோம்: 'யூபிளாக் ஆரிஜின் லைட்'. அதே ரேமண்ட் ஹில் மேனிஃபெஸ்ட் 3க்காக எழுதினது. அன்றாட பயன்பாட்டுக்குப் போதும். ஆண்ட்ராய்டு குரோம்ல எக்ஸ்டென்ஷனே போட முடியாது.
• பிளாக்கர் உள்ளேயே இருக்கிற பிரவுசர்கள்: பிரேவ் ஒண்ணு. நம்ம சென்னை ஜோஹோ நிறுவனம் 2023 மே மாசம் வெளியிட்ட 'உலா' இன்னொண்ணு. எதையும் தனியா இன்ஸ்டால் பண்ண வேண்டாம், செட்டிங்ஸ்ல ஆன்ல இருக்கான்னு பார்த்தா போதும். வீட்டுப் பெரியவங்களுக்கு இது சுலபம்.

செட்டப்: ஃபயர்ஃபாக்ஸ்ல படிப்படியா

1. பழைய பிளாக்கர் எது இருந்தாலும் முதல்ல ரிமூவ் பண்ணுங்க. ரெண்டு செக்யூரிட்டி ஒரே கேட்ல நின்னா பாதுகாப்பு கூடாது, சண்டைதான் வரும். ஒண்ணு விதிவிலக்கு கொடுத்து விட்டதை இன்னொண்ணு தடுக்கும். தப்பு எங்கன்னும் தெரியாது.

2. ஃபயர்ஃபாக்ஸ் மெனுவுல 'ஆட்-ஆன்ஸ்' போய், அங்கேயே தேடி இன்ஸ்டால் பண்ணுங்க. வெளியில ஏதோ ஒரு தளத்துல கிடைக்கிற ஃபைலை டவுன்லோட் பண்ணாதீங்க.

3. இன்ஸ்டால் ஆனதும் பிரைவேட் விண்டோலயும் ஓடட்டுமான்னு கேட்கும். அனுமதி கொடுங்க.

4. டூல்பார்ல இருக்கிற கேடயத்தை கிளிக் பண்ணி, கியர் படத்தைத் தொட்டா டாஷ்போர்டு திறக்கும். அதுல 'ஃபில்டர் லிஸ்ட்ஸ்' டேப். ஈஸிலிஸ்ட், டிராக்கர்களுக்கான ஈஸிபிரைவசி, ஆபத்தான தளங்களோட லிஸ்ட் எல்லாம் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும்.

5. அதே பக்கத்துல ஊர்வாரியான லிஸ்ட்டுகள் இருக்கும். 'இந்தியன்லிஸ்ட்'டை டிக் பண்ணுங்க. தமிழ் உட்பட இந்திய மொழித் தளங்களுக்கான விதிகள் அதுலதான். தமிழ் நியூஸ் தளங்கள்ல மட்டும் விளம்பரம் மிச்சம் இருக்குன்னா முதல்ல பார்க்க வேண்டியது இது.

6. 'அப்ளை சேஞ்சஸ்', பிறகு 'அப்டேட் நவ்'. முடிஞ்சுது.

இதுக்கு மேல கண்ணுல படுற எல்லா லிஸ்ட்டையும் டிக் பண்ணாதீங்க. லிஸ்ட் கூடக் கூட நல்ல பக்கங்கள் உடையற வாய்ப்பும் கூடும்.

குரோம்ல லைட் போட்டவங்களுக்கு ஒரு வார்த்தை. அதுல பேசிக், ஆப்டிமல், கம்ப்ளீட்னு மூணு நிலை இருக்கு. ஐகானைத் தொட்டா எந்த நிலையில இருக்குன்னு தெரியும். ஆப்டிமல் வெச்சுக்கோங்க. லைட்டோட லிஸ்ட் எக்ஸ்டென்ஷனோட சேர்ந்தே வருது. அதனால எக்ஸ்டென்ஷன் அப்டேட் ஆனாத்தான் லிஸ்ட்டும் புதுசாகும்.

இன்னும் விளம்பரம் வருதா? வாசலைத் தேடுங்க

மூணு சின்ன டெஸ்ட் போதும்.

• குறிப்பிட்ட ஒரு வெப்சைட்ல மட்டும் வருதா? முதல் வாசல்.
• வீட்டு வைஃபைல இருக்கிற எல்லா மெஷின்லயும் வருது, மொபைல் டேட்டாக்கு மாறினா போயிடுதா? ரெண்டாவது வாசல்.
• எந்த நெட்ல இருந்தாலும் இந்த ஒரு மெஷின்ல மட்டும், பிரவுசர்ல எதுவும் திறக்காதப்பவும் வருதா? மூணாவது வாசல்.

முதல் வாசல்: வெப்சைட்

லிஸ்ட் பழசா இருக்கலாம். டாஷ்போர்டுல 'அப்டேட் நவ்', பிறகு பக்கத்தை ரீலோட். யூடியூப் மாதிரி விளம்பர முறையை அடிக்கடி மாத்துற தளங்களுக்கு லிஸ்ட் எழுதறவங்க பின்னாடியே ஓடிக்கிட்டு இருக்காங்க. அங்க பிரச்சனைன்னா முதல்ல இதைச் செஞ்சுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி பாருங்க.

அப்பவும் வந்தா, கேடயத்தைக் கிளிக் பண்ணி நடுவுல இருக்கிற பெரிய பவர் பட்டனைப் பாருங்க. அது சாம்பல் நிறமா இருந்தா, அந்தத் தளத்துல பிளாக்கர் ஆஃப்ல இருக்கு. யாரோ எப்பவோ அணைச்சிருப்பாங்க.

சில விளம்பரம் அந்தத் தளத்தோட சொந்த சர்வர்லேர்ந்தே வரும். அதைத் தடுக்க முகவரியே தனியா இருக்காது. அப்போ ஐட்ராப்பர் மாதிரி இருக்கிற 'எலிமென்ட் பிக்கர்' எடுத்து அந்தப் பெட்டியைக் காட்டி நீங்களே ஒரு விதி எழுதலாம். அது 'மை ஃபில்டர்ஸ்' டேப்ல சேரும். பக்கத்துல இருக்கிற மின்னல் குறி வேற. அது தற்காலிகம், ரீலோட் பண்ணா திரும்ப வந்துடும். சந்தேகமா இருந்தா முதல்ல மின்னலால தட்டிப் பாருங்க.

ரெண்டாவது வாசல்: நடுவழி

"நெட்வொர்க்கே விளம்பரம் போடுமா?"ன்னு கேட்கலாம். நம்ம நாட்லயே நடந்திருக்கு. 2015 ஜூன்ல பெங்களூரைச் சேர்ந்த தேஜேஷ் ஜி.என்.ங்கிற புரோகிராமர், தன்னோட சொந்த வெப்சைட்டை ஏர்டெல் 3ஜி வழியா திறந்து சோர்ஸைப் பார்த்தார். அவர் எழுதாத ஒரு ஜாவாஸ்கிரிப்ட் அதுல இருந்தது. சர்வர்லேர்ந்து கிளம்பும்போது இல்லாத கோட், வழியில ஏறியிருக்கு. ஆதாரத்தை அவர் கிட்ஹப்ல போட்டார். உடனே ஃபிளாஷ் நெட்வொர்க்ஸ்ங்கிற இஸ்ரேல் கம்பெனியோட வக்கீல்கள்கிட்டேர்ந்து நோட்டீஸ் வந்தது. கிட்ஹப்லேர்ந்து அந்தப் பக்கமும் எடுக்கப்பட்டது. டேட்டா பயன்பாட்டை வாடிக்கையாளருக்குக் காட்டுறதுக்கான சோதனைதான் அதுன்னு ஏர்டெல் விளக்கம் சொன்னாங்க. நோக்கம் எதுவா இருந்தாலும், நடுவுல இருக்கறவங்களால உங்க பக்கத்துக்குள்ள கை வெக்க முடியும்ங்கிறதை அது நாட்டுக்கே காட்டுச்சு.

இதுக்கு மருந்து பிளாக்கர் இல்ல, எச்.டி.டி.பி.எஸ். பக்கம் என்கிரிப்ட் ஆகி வந்தா நடுவுல யாரும் பிரிச்சு எதையும் சொருக முடியாது. ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸ்ல 'எச்.டி.டி.பி.எஸ். ஒன்லி மோட்', குரோம்ல 'ஆல்வேஸ் யூஸ் செக்யூர் கனெக்‌ஷன்ஸ்' ரெண்டும் இதுக்குத்தான். ஆன் பண்ணி வெச்சுக்கோங்க.

வீட்டு வைஃபைல மட்டும் பிரச்சனைன்னா ரூட்டரைப் பாருங்க. அதோட டி.என்.எஸ். முகவரியை யாராவது மாத்தியிருந்தா, நீங்க கேட்கிற தளத்துக்குப் பதிலா வேற தளத்துக்கு அனுப்பும். ரூட்டரை ரீசெட் பண்ணி, வாங்கும்போது வந்த அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க. நிறைய வீட்ல அது இன்னும் 'அட்மின்'தான்!

மூணாவது வாசல்: நம்ம மெஷின்

வீட்டுப் பெரியவங்க போன்ல நான் அதிகமா பார்த்தது இந்த வாசல்தான்.

எங்க தெரு பிரவுசிங் சென்டர்ல ஒரு கம்ப்யூட்டர்ல ஸ்கிரீன் ஓரத்துல அடிக்கடி "உங்க கம்ப்யூட்டர்ல 5 வைரஸ் இருக்கு"ன்னு வந்துக்கிட்டே இருந்தது. கடை அண்ணன் பிளாக்கர் போட்டிருந்தார், ஆன்டிவைரஸும் போட்டிருந்தார். ரெண்டும் ஒண்ணும் செய்யல. ஏன்னா அது விளம்பரமும் இல்ல, வைரஸும் இல்ல. நோட்டிஃபிகேஷன். யாரோ ஒரு வாடிக்கையாளர் ஏதோ ஒரு தளத்துல "நீங்க ரோபோ இல்லன்னு நிரூபிக்க அலவ் அழுத்துங்க"ன்னு வந்ததை நம்பி அழுத்தியிருக்கார். அந்த 'அலவ்' உண்மையில கொடுத்தது நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி. நாமளே கதவைத் திறந்து விட்டதுக்கு அப்புறம் கேட்ல நிக்கிற செக்யூரிட்டி என்ன பண்ணுவார்?

தீர்வு ஒரு நிமிஷம். குரோம் செட்டிங்ஸ், 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்'. அனுமதி வாங்கின தளங்களோட பட்டியல் வரும். தெரியாத எல்லாத்தையும் நீக்குங்க. இனிமே எந்தத் தளமும் கேட்கவே கூடாதுன்னும் அங்கேயே வெக்கலாம்.

இதுல போகலைன்னா, எக்ஸ்டென்ஷன் பட்டியலைப் பாருங்க. 'பிடிஎஃப் கன்வெர்ட்டர்', 'வீடியோ டவுன்லோடர்'னு நீங்க போட்டதா நினைவே இல்லாத ஒண்ணு இருந்தா தூக்குங்க. சர்ச் இன்ஜின் தானா மாறியிருந்தா அதுவும் இந்த வாசலோட அறிகுறிதான். போன்ல லாக் ஸ்கிரீன்லயே விளம்பரம் வந்தா, அது ஏதோ ஒரு ஆப்போட வேலை. கடைசியா இன்ஸ்டால் பண்ணதுலேர்ந்து ஒவ்வொண்ணா நீக்கிப் பாருங்க.

பக்கம் உடைஞ்சுதா?

இது எதிர்ப்பக்கப் பிரச்சனை. படம் வரல, பட்டன் வேலை செய்யல, லாகின் ஆகல.

1. பவர் பட்டனை அணைச்சு ரீலோட் பண்ணுங்க. அப்பவும் உடைஞ்சே இருந்தா பிளாக்கர் நிரபராதி. தளத்தோட கோளாறு.

2. சரியாயிடுச்சுன்னா, மறுபடி ஆன் பண்ணுங்க. பவர் பட்டனுக்குக் கீழே சின்னச் சின்ன ஐகான்கள் இருக்கும். பாப்-அப், பெரிய மீடியா, காஸ்மெடிக் விதி, ஃபான்ட், ஜாவாஸ்கிரிப்ட். படமே வரலைன்னா மீடியா ஐகான் தெரியாம அழுந்தியிருக்கலாம். பட்டனைக் காணோம்னா கண் படம் இருக்கிற காஸ்மெடிக் ஐகானை அழுத்திப் பாருங்க.

3. 'மை ஃபில்டர்ஸ்' பாருங்க. பிக்கரால பக்கத்தோட பாதியையே நீங்க மறைச்சிருக்கலாம்.

4. கடைசியா லாகர். பாப்-அப்லேர்ந்தே திறக்கலாம். ரீலோட் பண்ணா ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் வரிசையா ஓடும், தடுத்தது சிவப்பா தெரியும். எந்த விதி, எந்த லிஸ்ட்லேர்ந்து வந்து தடுத்துச்சுன்னும் காட்டும். சம்பந்தமான சிவப்பு வரியைக் கண்டுபிடிச்சு, அதுக்கு மட்டும் @@ விதி எழுதுங்க. நான் முதல்ல சொன்ன மல்டிமீட்டர் இதுதான்.

எக்ஸாம் ஃபீஸ் மாதிரி பணம் கட்டுற பக்கத்துல மட்டும் இந்த ஆராய்ச்சி வேண்டாம். பேமென்ட் கேட்வே வேற டொமைன்ல, சில நேரம் பாப்-அப்ல திறக்கும். கட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முகவரி சரியான்னு பார்த்து, அந்தத் தளத்துக்கு பிளாக்கரை அணைச்சுடுங்க. நடுவுல மாட்டிக்கிச்சுன்னா ரீலோட் அடிக்காதீங்க. பேங்க் அக்கவுன்ட்ல பணம் போயிருக்கான்னு பார்த்துட்டுதான் ரெண்டாவது தடவை கட்டணும்.

போன்ல டி.என்.எஸ். போட்டவங்களுக்கு

ஆண்ட்ராய்டு 9லேர்ந்து 'பிரைவேட் டி.என்.எஸ்.' இருக்கு. விளம்பரம் தடுக்கிற ஒரு டி.என்.எஸ். முகவரியை அதுல போட்டா, ஆப்புகளுக்குள்ள வர்ற விளம்பரமும் குறையும். ஆனா அதால முழு டொமைனைத்தான் தடுக்க முடியும். வீடியோவும் விளம்பரமும் ஒரே டொமைன்லேர்ந்து வந்தா அதுக்குப் பிரிக்கத் தெரியாது. யூடியூப்ல அது உதவாததுக்குக் காரணம் இதுதான்.

காலேஜ் வைஃபைல லாகின் பக்கமே வரலையா? பிரைவேட் டி.என்.எஸ்.ஸை 'ஆட்டோமேட்டிக்'ல வெச்சுட்டு லாகின் பண்ணிப் பாருங்க. நிறைய பேரோட "வைஃபை மோசம்" பிரச்சனை அங்கேயே தீர்ந்துடும்.

எல்லாத்தையும் தடுக்கணுமா?

வேண்டாம். சின்னத் தமிழ்த் தளங்கள் நிறைய விளம்பரக் காசுலதான் ஓடுது. நாம தினமும் படிக்கிற, ஏமாத்தாத ஒரு தளத்துக்கு பவர் பட்டனை அணைச்சு வெக்கிறது நாம கொடுக்கிற சந்தா மாதிரி. அது 'டிரஸ்டட் சைட்ஸ்'ல சேர்ந்துடும், ஒரு தடவை செஞ்சா போதும். யாரை உள்ளே விடணும்னு நாம முடிவு பண்றோம்ங்கிறதுதான் விஷயம்.

இந்த வாரம் ஒரு சின்ன அசைன்மென்ட். ஊருக்குப் போகும்போது அம்மா, அப்பா, பக்கத்து வீட்டு ஆன்ட்டி யாராவது ஒருத்தரோட போனை வாங்குங்க. முதல்ல நோட்டிஃபிகேஷன் பட்டியலைச் சுத்தம் பண்ணுங்க. பிளாக்கர் இருக்கிற ஒரு பிரவுசரைப் போட்டுக் கொடுங்க. பிறகு ஏதாவது ஒரு கம்பெனியோட கஸ்டமர் கேர் நம்பரைத் தேடி, விளம்பரத்துக்கு மேல இருக்கிற அந்தச் சின்ன 'ஸ்பான்சர்ட்' எழுத்தை பழைய பிரவுசர்ல ஒரு தடவை விரல் வெச்சுக் காட்டுங்க. பிளாக்கர் ஒருநாள் வேலை செய்யாம போகலாம். அந்த எழுத்தைப் பார்க்கத் தெரிஞ்சவங்களை ஏமாத்துறது அவ்ளோ சுலபம் இல்ல.